மெரினா ஐஸ் ஹவுஸ்: பனிக்கட்டிக் கிடங்குக்கு இத்தனை ஜன்னலா?

கேள்வி:
விவேகானந்தர் இல்லம் ஒரு காலத்தில் பனிக்கட்டிக் கிடங்கு என்கிறார்கள். சுற்றிலும் ஜன்னலும் வராந்தாவுமாக இருக்கும் கட்டடத்தில் ஐஸ் எப்படித் தாங்கியிருக்கும்? கடலை விட்டு இவ்வளவு தள்ளி ஏன் கட்டினார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
நீங்கள் பார்க்கிற வராந்தாவும் ஜன்னல்களும் பிற்பாடு வந்தவை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கொண்டுவந்து விற்ற பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடருக்காக 1842இல் எழும்பியது வெறும் கிடங்குதான்.

மாசசூசெட்ஸ் குளங்களில் உறைந்த பனியை, குதிரை இழுக்கும் கத்தியால் ஒரே அளவுப் பாளங்களாக அறுப்பார்கள். சூட்சுமமே அந்த ஒரே அளவில்தான் இருக்கிறது. பாளங்களை இடுக்கில்லாமல் ஒட்டி அடுக்கினால் காற்று புகாது, உருகுவதும் குறையும். சுற்றிலும் மரத்தூளைத் திணிப்பார்கள். அது காய்ந்திருக்கும் வரைதான் சூட்டைத் தடுக்கும், நனைந்துவிட்டால் பயனில்லை. உருகிய நீர் அடியில் தேங்கினால் மேலே உள்ள பாளத்தையும் கரைத்துவிடும், அதனால் வடிகால் சரியாக இல்லாவிட்டால் சரக்கு போயிற்று. இத்தனை பக்குவம் பார்த்தும் சேதாரம் உண்டு: 1833இல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றிப் போன டஸ்கனி கப்பலில், நான்கு மாதப் பயணம் முடிந்தபோது மிஞ்சியது சுமார் 100 டன்.

பதில் 2:
கடல் தூரத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கட்டடம் தள்ளிப் போகவில்லை, கடல்தான் விலகிப் போனது! அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகுகள்தான் சரக்கைக் கரை சேர்க்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை அறைந்தால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. ஐஸ் இறங்கினால் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம், அதனால் கிடங்கு கரையோரமாகவே வேண்டியிருந்தது. 1870களின் பிற்பகுதியில் துறைமுக வேலை தொடங்கியது. வடக்கே நகரும் மணலைத் தடுப்புச் சுவர் மறித்ததால், தெற்கே குவிந்து இன்றைய அகலமான மெரினா உருவானது.

கேள்வி கேட்டவர்:
அருமை! அப்படியானால் வராந்தா யார் காலத்தது?

பதில் 1:
வக்கீல் பிலிகிரி ஐயங்கார் காலத்தது. 1874இலேயே சென்னையில் இயந்திர ஐஸ் தயாரிக்கும் கம்பெனி வந்துவிட்டது, கப்பல் ஐஸ் படுத்துவிட்டது. கிடங்கை வாங்கிய அவர், மனிதர் குடியிருக்கும்படி காற்றும் வெளிச்சமும் வர மாற்றி, நீதிபதி கெர்னன் பெயரில் ‘காஸில் கெர்னன்’ ஆக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது இந்த வீட்டில்தான். அடுத்து அவருடைய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் நடத்திய ராமகிருஷ்ண மடமும் இங்கேயே 1907 வரை இருந்தது.

பதில் 3:
அதற்கப்புறம் நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம். 1917இல் அரசு வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி இங்கேதான் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்க வைத்தார். வீட்டில் மூலையில் முடங்கியிருக்க வேண்டிய பெண்கள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். விவேகானந்தர் பெயர் 1963இல் வந்தது. 1997இல் கட்டடம் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குப் போய், இப்போது கண்காட்சி நடக்கிறது. சுவாமிஜி தங்கிய அறை தியான அறையாக இருக்கிறது. காவல் நிலையத்துக்கு மட்டும் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர்.