கர்ப்ப காலத்தில் நானோ பவுடர் வேலை: லேபில் எதை நிறுத்தணும்?

கேள்வி: திருமங்கலம் ஸ்காலர்

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எச்டி. செய்றேன். சோல்-ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கிக் காய வெச்சுப் பவுடர் எடுக்கிறது) டைட்டானியம் டை ஆக்சைடு, 20–30 நானோமீட்டர். 450 டிகிரி ஃபர்னஸில் எடுத்து, அகேட் கல்வத்தில் அரைச்சு எடை போடணும். சில்வர் நானோவும் உண்டு, அது தண்ணியிலேயே இருக்கும். இப்போ 7 வாரம். சர்ஜிக்கல் மாஸ்க், ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை போடறேன். ஹூட் (காத்தை உறிஞ்சி வெளியேத்துற கண்ணாடிக் கதவு வெச்ச பெட்டி) இருக்கு, ஆனா தராசு வெளியே, ஃபேனுக்குக் கீழே. எது நிஜமான ஆபத்து? இதுவரை செஞ்சதுக்கு டெஸ்ட் ஏதும் எடுக்கணுமா?

பதில் 1: கல்வம்

முதல்ல கல்வத்தை விடுங்க. நீங்க எழுதினதில் மோசமான இடம் அதுதான். ஃபர்னஸிலிருந்து வர்ற பவுடர் கட்டி கட்டியா இருக்கும். காய்ஞ்சபடியே அரைக்கும்போது அந்தக் கட்டி உடைஞ்சு, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் காத்துல கலக்குது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தா, கல்வத்து விளிம்புக்கு மேல மெல்லிசா புகை மாதிரி எழும்புறது தெரியும். தூசி அடங்கட்டும்னு காத்திருக்கிறதில் பயனில்லை. தண்ணி அடர்த்தியுள்ள 100 நானோமீட்டர் துகள் அசையாத காத்துல மணிக்கு 3 மி.மீ. அளவுதான் இறங்கும். மேல ஃபேன் வேற ஓடினா கேக்கவே வேண்டாம். அரைக்கிற வேலையை வேற ஒருத்தர் செய்யட்டும்; அவங்களும் ஹூட்டுக்குள்ள, நல்லா ஆறின பவுடரில் சில மி.லி. ஐசோப்ரொபனால் விட்டுக் குழைச்சு அரைக்கட்டும். சூடா இருக்கும்போது விட்டா பத்திக்கும்.

எடைக்கு ஒரு வழி இருக்கு. மூடியோட காலி வயலை (சின்னக் கண்ணாடிக் குப்பியை) எடை போட்டு எழுதிக்கோங்க. ஹூட்டுக்குள்ள கொண்டுபோய் உத்தேசமா பவுடரைப் போட்டு, மூடி, வெளிப்பக்கத்தை ஈர டிஷ்யூவால் துடைச்சு, ஈரம் காய்ஞ்சதும் திரும்பத் தராசில் வைங்க. வித்தியாசம்தான் எடை. 100 மி.கி. நினைச்சு 93 வந்தா, கரைசலின் அளவைக் குறைச்சுக்கோங்க. அந்த 7 மி.கி.க்காகத் திரும்ப மூடியைத் திறக்க வேண்டாம். இதையும் வேறொருத்தர் செஞ்சு, மூடின வயலா உங்க கையில் கொடுத்தா இன்னும் நல்லது.

ஹூட் முகப்பில் காத்து வேகம் நொடிக்கு 0.4–0.5 மீட்டர் போதும். அதிகமா இழுத்தா பவுடரையே தூக்கிடும். கரண்ட் போனா ஹூட் மோட்டார் நின்னுடும். அந்த நொடியே வயலை மூடி, கண்ணாடிக் கதவை இறக்கிட்டு வெளியே வந்துடுங்க.

சர்ஜிக்கல் மாஸ்க் முகத்தோட ஒட்டாது, பக்கவாட்டிலேயே காத்து புகுந்துடும். என்95 போடுங்க. 100 நானோமீட்டருக்குக் கீழ உள்ள துகள் அலைஞ்சு அலைஞ்சு இழையில் போய் ஒட்டிக்கும். அதனால சல்லடை மாதிரி நினைச்சு, சின்னது நுழைஞ்சிடும்னு பயப்பட வேண்டாம். மூக்குப் பக்கம் இடைவெளி விழுந்தாத்தான் சிக்கல். சிந்தினதை விளக்குமாறு கொண்டு கூட்டாதீங்க, ஈரத் துணிதான்.

சில்வர் தண்ணியில இருக்கிறவரை காத்துல வராது. ப்ரோப் சோனிகேட்டர் (கரைசலுக்குள்ளேயே கம்பியை விட்டு ஒலி அலையால் கலக்குற கருவி) மட்டும் நுண்சாரல் கிளப்பும். பாட்டிலை மூடி பாத் சோனிகேட்டரில் (வெளியிலிருந்தே அதிர வைக்கிற தண்ணித் தொட்டியில்) வைங்க. சில்வரை அசட்டையா விடாதீங்க: அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் நானோ அளவு டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பரிந்துரைக்கிற வரம்பு ஒரு கன மீட்டர் காத்துல 0.3 மில்லிகிராம், நானோ சில்வருக்கு 0.9 மைக்ரோகிராம்தான்.

பதில் 2: சிந்தசிஸ் பெஞ்ச்

துகளையே பார்த்துக்கிட்டு கரைப்பானை மறந்துடாதீங்க, தங்கச்சி. டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு), 2-மெத்தாக்ஸி எத்தனால் ரெண்டும் கருவைப் பாதிக்கும்னு வகைப்படுத்தப்பட்டவை, தோல் வழியாவும் உள்ள போகும். மெல்லிசு நைட்ரைல் கையுறையை டி.எம்.எஃப். சில நிமிஷத்துல கடந்துடும். பக்கத்து பெஞ்சில் காட்மியம் சல்ஃபைடோ லெட் பெரோவ்ஸ்கைட்டோ (ஈயம் கலந்த சேர்மம்) ஓடுதான்னு கைடுகிட்ட கேளுங்க. ஓடினா உங்க இடத்தை மாத்தச் சொல்லுங்க. கேக்கக் கூச்சப்படாதீங்க. பி.எச்டி. மாணவிகளுக்கு 240 நாள் வரை விடுப்பு யு.ஜி.சி. 2016 விதியிலேயே வந்துடுச்சு, இப்போ உள்ள 2022 விதியிலும் இருக்கு.

பதில் 3: மகப்பேறு மருத்துவர்

இதுவரை செய்ததற்காகத் தனி ரத்தப் பரிசோதனை தேவையில்லை. டைட்டானியம் அளவை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எல்லோருக்கும் போல 18–20 வாரத்தில் அனோமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்ப்பது) எடுங்கள். கருவைக் கலைக்க இது காரணமே அல்ல. யாராவது அப்படிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

சுண்டெலிகளில் 35 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடு கருவைப் பாதித்தது உண்மைதான். ஆனால் அது நேரடியாக ரத்தக் குழாயில் ஏற்றிச் செய்தது. நீங்கள் மூச்சில் இழுப்பதற்கும் அதற்கும் வெகு தூரம். அதே சமயம், துகள் நஞ்சுக்கொடியைக் கடக்காவிட்டாலும் தாயின் நுரையீரலில் அழற்சி உண்டாக்கி மறைமுகமாகப் பாதிக்கலாம். அதனால் மேலே சொன்ன கவனம் வீண் அல்ல. ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் எடுங்கள். ரத்த சோகை இருந்தால் சரிசெய்யுங்கள். பக்கத்து பெஞ்சில் காட்மியம் ஓடினால் இதுவும் முக்கியம்: இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

திருமங்கலம் ஸ்காலர்

நன்றி டாக்டர். சத்து மாத்திரை அட்டையிலேயே "நிறம்: டைட்டானியம் டை ஆக்சைடு"னு போட்டிருக்கே. நிறுத்திடவா?

மகப்பேறு மருத்துவர்

நிறுத்தாதீர்கள். ஐரோப்பாவில் 2022-இல் உணவில்தான் தடை செய்தார்கள். மாத்திரைப் பூச்சில் இன்னும் அனுமதி உண்டு. குடல் வழியாக ரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். ரத்த சோகையால் வரும் கேடு அதைவிடப் பல மடங்கு பெரியது.

துகளைக் குறைக்க வேண்டுமானால் வீட்டைப் பாருங்கள். 2019-இல் பெல்ஜியத்தில் நஞ்சுக்கொடியின் சிசுப் பக்கத்தில் கண்டது லேப் பவுடர் அல்ல, எரிபொருள் புகையிலிருந்து வரும் கரித்துகள். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வருவதாக அளந்திருக்கிறார்கள். மூடிய அறையில் சுருளும் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். காலை நெரிசலில் பெரியார் நிலையம், கோரிப்பாளையம் வழியே டூவீலரில் போவதானால் அங்கேயும் ஒரு என்95 முகத்தில் இருக்கட்டும்; லேபில் போட்டது வேண்டாம், தனியாக ஒன்று.