ஹெப்-ஜி2 செல்களில் டாக்ஸோரூபிசினோடு குர்குமின்: இதை சினெர்ஜி என்று எழுதலாமா?

ஆய்வு_மாணவி:
வணக்கம். ஹெப்-ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்களுக்கு டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தையும் மஞ்சளிலுள்ள குர்குமினையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்து, 48 மணி நேரம் கழித்து எம்டிடி சோதனை (உயிருள்ள செல்கள் எம்டிடி சாயத்தை நிறம் மாற்றுவதை அளப்பது) செய்தேன். டாக்ஸோரூபிசின் மட்டும் கொடுத்ததில் 60 சதவீதச் செல்கள் பிழைத்தன. குர்குமின் மட்டும் என்றால் 70, சேர்த்துக் கொடுத்ததில் 41. மருந்து மட்டும் கொடுத்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புள்ளியியல்படி தெளிவாக இருக்கிறது. சினெர்ஜி, அதாவது எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலான கூட்டு விளைவு, என்று எழுதிவிடலாமா?

செல்_வளர்ப்பு:
வேண்டாம் தங்கச்சி, இப்போதைக்கு எழுதாதீங்க. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் அதனதன் வேலையைச் செய்தாலே 0.6 × 0.7, அதாவது 42 சதவீதம்தான் மிஞ்சும். உங்களுக்கு வந்தது 41. இப்படிப் பெருக்கிப் பார்க்கும் பிளிஸ் கணக்குப்படி இங்கே கூடுதலாக எதுவும் நடக்கவில்லை. ஒப்பிட வேண்டியது இந்த 42-ஓடு, மருந்து மட்டும் கொடுத்த 60-ஓடு அல்ல. இந்தத் துறையில் கட்டுரை கட்டுரையாகப் படிக்கும்போது என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

ஒரே ஒரு அளவை வைத்துச் சொல்லவும் முடியாது. இரண்டின் ஐசி50-ஐயும் (பாதி அளவுக்குத் தடுக்கும் அளவு) முதலில் கண்டுபிடித்து, அதே விகிதத்தில் கலந்து, அதற்குக் கீழும் மேலும் சில அளவுகளில் கொடுங்க. அப்புறம் 1984-இல் வந்த சௌ–தலாலே முறையில் கூட்டுக் குறியீட்டைக் கணக்கிடுங்க. 1-க்கு நன்றாகக் கீழே வந்தால்தான் சினெர்ஜி. 1-க்கு மேல் போனால் ஒன்றையொன்று கெடுக்கிறது.

எம்டிடி-யிலும் கவனம் வேண்டும். குர்குமின் போன்ற பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத தட்டுக் குழியிலும் எம்டிடி-யை ஒடுக்கி நிறம் வரவைக்கலாம். செல் இல்லாத குழிகள் வைத்தீர்களா? உயிருள்ள செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யை அளவிட்டும் ஒருமுறை சரிபாருங்க. இன்னொன்று, ஹெப்-ஜி2 ஒரு 15 வயதுப் பையனின் கட்டியிலிருந்து வந்தது, ஹெபடோபிளாஸ்டோமா என்ற, பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் கட்டி வகை. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் பெரியவர் ஒருவரின் கல்லீரல் புற்றிலிருந்து வந்த ஹூ-7 செல்களிலும் செய்வது நல்லது.

அப்பாவுக்காக:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பா கல்லீரல் புற்றுநோய்க்கு சோராஃபெனிப் மருந்து எடுக்கிறார். மிளகிலுள்ள பிப்பெரின் சேர்த்த குர்குமின் மாத்திரையும் கொடுக்கலாமா?

செல்_வளர்ப்பு:
தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீங்க. தட்டில் செல்களைக் கொல்ல பல மைக்ரோமோலார் குர்குமின் ஊற்றுகிறோம். கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் அந்த அளவு வருவதில்லை. குடலும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். அதைத் தடுக்கத்தான் பிப்பெரின் சேர்க்கிறார்கள். ஆனால் அது சிஒய்பி3ஏ4 நொதியையும் தடுக்கக்கூடியது. சோராஃபெனிப்பைச் சிதைக்கும் நொதிகளில் அதுவும் ஒன்று, தடைபட்டால் அந்த மருந்து ரத்தத்தில் கூடிவிடலாம். மஞ்சள் மாத்திரையால் கல்லீரலே பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள், பிப்பெரின் சேர்த்தவற்றிலும். அப்பாவின் கல்லீரல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துப்போய் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்க. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்க.

ஆய்வு_மாணவி:
நன்றி அண்ணா. செல் இல்லாத குழிகள் வைக்கவில்லை. குர்குமினை முதலில் கொடுத்து, மறுநாள் டாக்ஸோரூபிசின் கொடுத்தால்?

செல்_வளர்ப்பு:
செய்யலாம், ஆனால் அது தனிச் சோதனை. செல்கள் வளரும் 37 டிகிரி மீடியத்தில் (வளர்ப்புத் திரவம்), அதுவும் சீரம் இல்லாவிட்டால், குர்குமின் வேகமாகச் சிதைந்துவிடும். மறுநாள் குழியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அளந்துவிட்டு மருந்தை ஊற்றுங்க.