'கேஷ்' நம்ம 'காசு'தானா?

நாணயப்பித்தன்:
ஆங்கில 'கேஷ்' நம் 'காசு'விலிருந்து போனது என்று சொன்னால் உடனே "வாட்ஸ்அப் வரலாறு" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். 1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது போட்டு 'கேஷ்' என்று பொறித்திருக்கிறது. அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809-ல் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. கடலிலிருந்து அள்ளிய காசுகளை இன்றும் சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். வேறென்ன சாட்சி வேண்டும்?

கல்லாப்பெட்டி:
நாணயம் உண்மை, முடிவுதான் இடிக்கிறது. ஆங்கில அகராதியில் 'கேஷ்' என்று இரண்டு தனிப் பதிவுகள் உண்டு. நீங்கள் சொல்லும் சிறு நாணயம் 'காசு'தான், போர்ச்சுகீசிய 'காய்ஷா' வழியாகப் போனது. யாரும் மறுக்கவில்லை. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'கப்ஸா'விலிருந்து இத்தாலிய 'காஸ்ஸா', பிரெஞ்சு 'கெஸ்' வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பணப்பெட்டி என்ற பொருளும் அதற்கு இருந்தது.

நாணயப்பித்தன்:
பெட்டி எப்படி ஐயா பணம் ஆகும்? காசு பணம் ஆவது இயல்பு. போர்ச்சுகீசியர்கள் 1498-லேயே கோழிக்கோட்டில் இறங்கிவிட்டார்கள். இங்கே பொறுக்கிய சொல் நூறு வருடத்தில் லண்டன் போய்ச் சேராதா?

கல்லாப்பெட்டி:
"படம் நல்லா கல்லா கட்டுச்சு" என்கிறோமே, அங்கே தியேட்டர்காரர் மரப்பெட்டியையா கட்டினார்? கடைக்காரர் பணம் போடும் பெட்டிதான் கல்லா, அதுவே வசூலாகிவிட்டது. 'பட்ஜெட்'டும் முதலில் தோல்பைதான்.

ஆண்டுக் கணக்குக்கு வருவோம். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை வெனிஸில் அச்சிட்டது 1494-ல். கையிருப்புப் பணத்துக்கு அதில் அவர் வைத்திருக்கும் கணக்கின் பெயர் 'காஸ்ஸா'. வாஸ்கோ ட காமா கரை இறங்க இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. கப்பல் வருமுன்னே சொல் எப்படிப் போகும்?

வெண்பாப்பிரியர்:
இரண்டு பேரும் வெள்ளைக்காரன் கல்லாவிலேயே நிற்கிறீர்கள். தமிழில் 'காசு' எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். குறுந்தொகை 67-ல் கிளி அலகில் பிடித்த வேப்பம்பழம் 'பொலங்கல ஒருகாசு' போல இருக்கிறதாம், பொற்கொல்லன் புது நூலில் கோக்கப் பிடித்திருக்கும் ஒற்றைக் காசு. அங்கே அது செலவழிக்கும் பணம் இல்லை, நகையில் கோக்கும் பொன். கம்பர் 'காசில் கொற்றத்து இராமன்' என்கிறார், அங்கே காசு என்றால் குற்றம். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடு நாள், மலர், காசு, பிறப்பு. (இது பணத்தோடு சேராது, ஆசையில் சொன்னேன்.)

நாணயப்பித்தன்:
அருமை. ஆனால் அடுத்தபடி 'காசு'வே வடமொழி 'கர்ஷ'விலிருந்து வந்தது என்பார்கள், பாருங்கள்.

வெண்பாப்பிரியர்:
சொல்கிறார்கள்தான். கர்ஷம் ஒரு எடை அளவு. ஒலி நெருக்கம் இருக்கிறது. ஆனால் இப்போதுதானே ஒலி மட்டும் போதாது என்று கல்லாப்பெட்டி நிரூபித்தார்? அந்த அளவுகோல் இங்கேயும் செல்லட்டும்.

கல்லாப்பெட்டி:
செல்லட்டும், எனக்குச் சம்மதம்.

நாணயப்பித்தன்:
சரி, பெட்டியிலிருந்து வந்த 'கேஷ்' உங்களுக்கு. ஆனால் கம்பெனிக் கணக்கில் வராகன் என்ற பொன் நாணயம் ஒன்றுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அந்தப் 'பணம்' ஆங்கிலேயர் ஏட்டில் 'ஃபனம்', 'காசு' அதே 'கேஷ்'. சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்குக்கூட ஐரோப்பியர் ஒட்டிய பெயர் 'கேஷ்'தான். சீனர்கள் அப்படி அழைக்கவே இல்லை. அது நம் சொத்து, விட மாட்டேன்.

கல்லாப்பெட்டி:
அதை யார் கேட்டார்கள்? தலைப்பில் 'நாணயப் பெயர்' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், நான் கிளம்புகிறேன்.

நாணயப்பித்தன்:
தலைப்பு அப்படியேதான் இருக்கும். கேள்விக்குறி போட்டிருக்கிறேனே!