மூன்று தள வீட்டுக்கு வைஃபை: சுவருக்குள் கேபிளா, மெஷ் போதுமா?

மாடிப்படி:
வணக்கம். தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மூன்று தளம். இடையில் இருப்பதெல்லாம் கம்பி கட்டிய கான்கிரீட். பழைய வயரிங்கை மாற்றுவதற்காகச் சுவர்களைக் கொத்திப் போட்டிருக்கிறார்கள், சீக்கிரமே பூசிவிடுவார்கள். இணைய இணைப்பு 200 எம்பிபிஎஸ். தரைத்தள முன்னறையில் நுழைகிறது, ரவுட்டரும் அங்கேதான்.

போனில் ஒரு செயலி போட்டு 5 ஜிகாஹெர்ட்ஸில் அளந்தேன். முன்னறையில் −45 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது). நேர் மேலே முதல் மாடி ஹாலில் −66. அதே மாடியின் பின்னறையில் −77. இரண்டாம் மாடியில் −85 வரை போய் அறுந்துவிடுகிறது. பின்னறையில் தங்கை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், நாள் முழுக்க வீடியோ மீட்டிங். மேல் மாடியில் அப்பா இருக்கிறார். அங்கே செல்போன் டவர் சரியாக எடுக்காததால் அவருக்கு வைஃபை காலிங்தான். எலக்ட்ரீசியன் "இப்பவே சொல்லிருங்க, பூசின பிறகு கேக்காதீங்க" என்கிறார். கேபிள் இழுக்கவா, ஒன்றோடொன்று கம்பியில்லாமல் பேசிக்கொண்டு வைஃபையைப் பரப்பும் பெட்டிகளான மெஷ் செட் வாங்கினால் போதுமா?

செம்புக்கம்பி:
சுவர் திறந்து கிடக்கும்போது இந்தக் கேள்வியே வரக்கூடாது சகோ. ஒவ்வொரு மாடிக்கும் தனி பைப் போடுங்க, கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுங்க. ஒரு ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டு போகும், எந்த வீட்டுக்கும் அது தாராளம். கீழே ஒரு பிஓஇ சுவிட்ச், மேலே ஒவ்வொரு தளத்திலும் கூரையில் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி. கரண்டும் அதே கேபிளில் போவதால் கூரையில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. என்னைக் கேட்டால் மாடிக்கு இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் வையுங்க, மூலை முடுக்கெல்லாம் வந்துரும்.

பின்னல்வலை:
இப்படிச் சொல்லித்தான் 200 எம்பிபிஎஸ் லைன் வைத்திருப்பவரை அலுவலகக் கட்டடத்துக்குத் திட்டம் போட வைக்கிறார்கள். வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். வைஃபை காலிங்குக்கு அதில் சிறு பங்குகூட வேண்டாம். முதல் மாடி ஹாலில் −66 வருகிறது என்று அவரே அளந்து சொல்லியிருக்கிறார். மெஷ் நோட் (செட்டில் உள்ள ஒரு பெட்டி) உட்கார அது நல்ல இடம். மூன்று ரேடியோ உள்ள செட்டாக வாங்கினால் ஒரு ரேடியோ பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கே ஒதுங்கிவிடும், ஒரே ரேடியோ இரண்டு வேலையும் பார்ப்பதால் வேகம் பாதியாகும் பிரச்சினையும் குறையும். படிக்கட்டுக் கிணறு மூன்று தளத்துக்கும் திறந்திருக்கிறதா? அப்படியானால் நோட்களைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்த வழியில் கான்கிரீட் குறுக்கே வராது.

செம்புக்கம்பி:
வேகத்தைப் பற்றி நான் பேசவே இல்லையே. மீட்டிங் உடைவது தாமதம் ஏறி இறங்குவதால். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததுக்குப் போகும் கம்பியில்லாத் தாவல் ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டு வைஃபையோடு இடத்துக்குப் போட்டி போடுது. காலையில் நல்லா இருக்கும், எல்லாரும் வீடு திரும்பின மாலையில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும். கேபிளுக்குக் காலையும் மாலையும் ஒண்ணுதான்.

நடுமாடி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ரவுட்டர் ஏன் கீழே முன்னறையில் இருக்கவேண்டும்? லைன் அங்கே நுழைந்ததால் பெட்டியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் மாடியின் நடுவில், படிக்கட்டு ஓரமாக நல்ல ரவுட்டர் ஒன்றை வைத்தால் வீட்டில் எந்த இடத்துக்கும் ஒரே ஒரு தளம்தான் குறுக்கே வரும். ஆறு ஆன்டெனா, எட்டு ஆன்டெனா உள்ள ரவுட்டரெல்லாம் கிடைக்கிறது. ஒரு பெட்டி, ஒரு பாஸ்வேர்டு, பராமரிக்க வேறு எதுவும் இல்லை.

அலைவரிசை:
ரேடியோ நெட்வொர்க் என் தொழில், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மாடிப்படி, உங்கள் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். −45க்கும் −66க்கும் 21 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. அதாவது ஒரு தளத்தைத் தாண்டுவதற்குள் நூறில் ஒன்றுக்கும் குறைவான சக்தியே மிஞ்சுகிறது. அதில் தூரத்துக்கும் ஒரு பங்கு உண்டு, தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போகும். மீதியைத் தின்பது கான்கிரீட்டும் உள்ளே இருக்கும் கம்பி வலையும். 2.4 ஜிகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு அதில் பாதி. கான்கிரீட் 5-ஐ அதிகம் உறிஞ்சுகிறது. புதிய 6 ஜிகாஹெர்ட்ஸ் அதைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

நடுமாடி, ரவுட்டரை நடுத்தளத்துக்கு ஏற்றும் யோசனை சரியானது. எட்டு ஆன்டெனா என்பதில்தான் உடன்பட மாட்டேன். ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் போன் பதில் சொல்லவேண்டும், போனின் பேட்டரியும் ஆன்டெனாவும் சின்னவை. திரையில் மூன்று கோடு முழுசாகத் தெரியும், ஆனால் நீங்கள் பேசுவது எதிர்முனைக்குப் போகாது. குச்சி ஆன்டெனாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. நேராக நிமிர்த்தி வைத்தால் அலை பக்கவாட்டில் பரவும், குச்சியின் முனை காட்டும் திசையில் மிகக் குறைவாகத்தான் போகும். அதாவது நேர் மேல் மாடிக்கும் நேர் கீழ் மாடிக்கும். ஒன்றிரண்டைப் படுக்கையாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள், மாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

செம்புக்கம்பி, மாடிக்கு இரண்டு வேண்டாம். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஆறு பெட்டி வைத்தால் அவை தங்களுக்குள்ளேயே இடித்துக்கொள்ளும். இன்னொன்று, எந்தப் பெட்டியோடு சேர்வது என்று முடிவெடுப்பது போன்தான், ரவுட்டர் இல்லை. ஐபோன் −70 டிபிஎம்-க்குக் கீழே இறங்கும்வரை வேறு பெட்டியைத் தேடாது என்று ஆப்பிளின் ஆவணத்திலேயே இருக்கிறது. பெட்டிகள் நெருக்கமாக, முழுச் சக்தியில் இருந்தால் −70 எங்குமே வராது. தங்கை ஹாலிலிருந்து பின்னறைக்குப் போன பிறகும் போன் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

செம்புக்கம்பி:
சேனல் கணக்கு சரி. மாடிக்கு ஒண்ணே போதும்னு வெச்சுக்கலாம். ஆனா கேபிள் மாடிக்கு இரண்டு போகணும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூசின சுவருக்குள் ஒரு கேபிள் கெட்டுப்போனா என்ன செய்வீங்க?

நடுமாடிக்கு ஒரு கேள்வி. லைன் கீழே நுழையுது, ரவுட்டர் முதல் மாடிக்குப் போகணும். காற்றிலா கொண்டு போவீங்க? அதுக்கும் சுவருக்குள் ஒரு கேபிள் வேணுமே. ஒண்ணு இழுக்கிற அதே வேலையில் நாலையும் இழுத்துரலாம்.

நடுமாடி:
அது நியாயம். ஒரு கேபிளாவது இல்லாமல் என் திட்டமும் நடக்காது. ஆனால் முதலில் ரவுட்டரை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு, போதாவிட்டால் பெட்டி சேர்க்கலாம் என்ற வரிசையை மாற்றமாட்டேன். பெட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுவதால் எதுவும் கெட்டுவிடாது.

வாடகைவீடு:
சுவரைத் தொட அனுமதி இல்லாதவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மின்கம்பி வழியாகவே இணையம் கொண்டு போகும் பவர்லைன் அடாப்டர் சரிவருமா?

பின்னல்வலை:
இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருந்தால் ஓரளவு வேலை செய்யும். மூன்று ஃபேஸ் வீட்டில் கீழ்த்தளம் ஒன்றிலும் மேல்தளம் வேறொன்றிலும் இருந்தால் பெரும்பாலும் கைவிட்டுவிடும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாதீர்கள், அது சிக்னலையே வடிகட்டிவிடும். டிவிக்காகப் போட்ட பழைய கோஆக்ஸ் கம்பி சுவருக்குள் சும்மா கிடந்தால் அதன் வழியாக இணையம் கொண்டு போகும் மோகா அடாப்டர் பாருங்கள், பவர்லைனைவிடப் பல மடங்கு நம்பகமானது. இரண்டும் இல்லையென்றால் மெஷ்தான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நோட்டை சிக்னல் செத்த இடத்தில் வைக்காமல், நல்ல சிக்னல் முடிகிற இடத்தில் வையுங்கள். தனக்கே கிடைக்காததை அது எப்படி மற்றவருக்குக் கொடுக்கும்?

மாடிப்படி:
படிக்கட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்குத் திறப்பு உண்டு. முதல் மாடியிலிருந்து மேலே போகும் படி வீட்டுக்கு வெளியே, இடையில் இரும்புக் கதவு. மெஷ் என்றால் இரண்டாம் மாடிக்கு இரண்டு தாவல் ஆகும் போலிருக்கிறது.

அலைவரிசை:
அந்த இரும்புக் கதவு எனக்கு முடிவைச் சொல்லிவிட்டது. இரண்டு ரேடியோ மட்டும் உள்ள சாதாரண மெஷ் என்றால் ஒரே தகவலை ஒரே சேனலில் மூன்று முறை அனுப்பவேண்டும்: ரவுட்டர் முதல் நோட்டுக்கு, அது இரண்டாவது நோட்டுக்கு, அது அப்பாவின் போனுக்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேறாது, அதுவும் ஒவ்வொரு தாவலும் பலமாக இருந்தால்தான். மூன்றாவது ரேடியோ இதைக் குறைக்கும் என்று பின்னல்வலை சொல்வது உண்மை. ஆனால் அந்த ரேடியோ ராடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனலில் இயங்கினால், ராடார் அலை தட்டுப்பட்ட உடனே சட்டப்படி விலகியாக வேண்டும். அதே வகைச் சேனல் ஒன்றுக்கு மாறினால் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கலாம். அப்பா அவசரத்துக்கு யாரையாவது அழைக்கும் நேரத்தில் அப்படி நடப்பதை நான் விரும்பமாட்டேன்.

பின்னல்வலை:
இரண்டாம் மாடிக்குக் கேபிள் வேண்டும் என்பதை ஏற்கிறேன். முதல் மாடிக்கு இன்னும் ஏற்கவில்லை, −66 போதும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மெஷ் என்றால் கம்பி கூடாது என்று பொருளில்லை. பெரும்பாலான மெஷ் பெட்டிகளைக் கேபிளில் செருகினால் அதையே பேக்ஹாலாக, அதாவது பெட்டிகளுக்கு இடையிலான இணைப்பாக, எடுத்துக்கொள்ளும். தனித்தனி ஆக்சஸ் பாயிண்ட் வாங்கி ஒவ்வொன்றுக்கும் சேனல், சக்தி என்று உட்கார்ந்து அமைக்கத் தெரியாதவர்களுக்கு அதுதான் வசதி. வீட்டில் எல்லோருக்கும் நெட்வொர்க் தெரியும் என்று எண்ணி இங்கே பேசுகிறோம், அது எனக்கு உறுத்துகிறது. இவர் ஊரில் இல்லாத நாளில் பெட்டி தொங்கிவிட்டால் யார் பார்ப்பார்கள்?

செம்புக்கம்பி:
முதல் மாடிக்கும் இழுத்தே ஆகணும். −66 இருக்கிறது ஹாலில், தங்கை உட்காருவது −77-இல். பைப் அந்த வழியாத்தான் மேலே போகுது, ஒரு ஜங்ஷன் பெட்டியை இடையில் திறந்துவிட்டா முடிஞ்சது.

மாடிப்படி, எலக்ட்ரீசியனிடம் சொல்லவேண்டியது இது. மின்கம்பி போகிற பைப்பில் கேபிளைச் சேர்க்கவே கூடாது. பக்கத்தில் ஓடினாலும் இடைவெளி விடணும், குறுக்கே கடக்கவேண்டி வந்தா செங்கோணத்தில் கடக்கணும். கேபிள் முழுச் செம்பா இருக்கணும். சிசிஏ-ன்னு அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினது விக்கிறாங்க, மேலே பார்த்தா வித்தியாசம் தெரியாது. பிஓஇ கரண்டு போகும்போது சூடாகும், முறுக்கினா உடையும். பைப் வளைவுகள் அகலமா இருக்கட்டும். உள்ளே ஒரு நைலான் கயிறும் விட்டுவைங்க, நாளைக்கு ஃபைபர் இழுக்கணும்னா அது கைகொடுக்கும். வெளிப்படி வழியா கேபிளைத் தொங்கவிட்டுரலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. வெயிலில் உறை வெடிக்கும், இடி இறங்கினா சுவிட்ச் போகும்.

மாடிப்படி:
பைப் தனியாகப் போடச் சொல்லிவிட்டேன். தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு இரண்டு கேபிள், இரண்டாம் மாடிக்கு இரண்டு. ரவுட்டர் கீழேயே இருக்கட்டும், மாடிக்கு ஒரு பெட்டி. பின்னல்வலை சொன்னபடி கேபிளில் செருகும் மெஷ் பெட்டியாகவே வாங்கப்போகிறேன், அப்பாவால் அணைத்துப் போட முடியவேண்டும். முதல் மாடியில் பெட்டி எங்கே வரவேண்டும்? ஹாலா, பின்னறையா?

அலைவரிசை:
பூசுவதற்கு முன்னால் சோதித்துவிடலாம். யாரிடமாவது ஒரு பெட்டியை இரவல் வாங்குங்கள், நீளக் கேபிள் ஒன்றில் செருகி, ஏணி உச்சியில் கட்டுங்கள். ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே உள்ள நடைவழியில் ஏணியை நிறுத்திக் கதவுகளைச் சாத்திவிட்டு அளந்து பாருங்கள். தங்கை உட்காரும் நாற்காலியில் −65-க்குக் கீழே போகக்கூடாது. போனால் ஏணியைப் பின்னறைப் பக்கம் நகர்த்துங்கள். இடம் முடிவான பிறகு கூரையில் பைப் வாய் அங்கே வரட்டும். பெரிய கண்ணாடி, இரும்பு அலமாரி, தண்ணீர்த் தொட்டி எதுவும் பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவில் வேண்டாம்.

இரண்டாம் மாடிப் பெட்டியை முதல் மாடிப் பெட்டிக்கு நேர் மேலே வைக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4-இன் சக்தியை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற உதவும் 802.11கே, வி, ஆர் என்ற அமைப்புகள் இருந்தால் போட்டுவிடுங்கள். பழைய சாதனம் ஏதாவது இணைய மறுத்தால் ஆர்-ஐ மட்டும் அணைத்துப் பாருங்கள்.

நடுமாடி:
இரவல் பெட்டியோடு ஏணியில் நிற்கும்போது, கீழே உள்ள ரவுட்டரை அணைத்துவிட்டும் ஒரு முறை அளந்துவிடுங்கள். முதல் மாடிப் பெட்டி ஒன்றே தரைத்தளத்துக்கும் எட்டுகிறதா என்று தெரிந்துவிடும். எட்டினால் கீழே வைஃபையை நிறுத்திவிடலாம், ஒரு சேனல் மிச்சம்.