வாழ்வதற்குக் காரணம் கேட்டவர்களுக்குப் பௌத்தம் என்ன தந்தது? உங்கள் அனுபவங்கள்

தொடங்கியவர், திருநெல்வேலி

மனைவி போன பிறகு நண்பர் ஒருவர் சில பௌத்த நூல்களைக் கொடுத்தார். படித்த வரையில், ‘இனி எதற்காக வாழ வேண்டும்’ என்ற கேள்விக்கு நேரான பதில் அகப்படவில்லை. நான் சைவத்தில் வளர்ந்தவன். மானிடப் பிறவியே அரன் பணிக்காகத்தான் என்று எங்கள் சைவ நூலான சிவஞான சித்தியார் அடித்துச் சொல்லிவிடுகிறது. பௌத்தத்தில் அப்படிச் சொல்ல ஒரு கடவுளும் இல்லை. தத்துவ விளக்கம் வேண்டாம். அந்தப் பக்கம் போனவர்களும் பௌத்தர்களோடு பழகியவர்களும் கண்டதைச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு பெண்

எனக்குக் குழந்தை பிறந்து இறந்தது. துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், “போன பிறவியில் யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாயோ” என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்கு எழுந்து நடமாடவே பிடிக்கவில்லை. ஒரு நாள் தோழி எழும்பூர் மகாபோதி சங்கத்துக்கு இழுத்துப்போனாள். அங்கிருந்த வயதான பிக்குவிடம் என் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, “மதியம் சாப்பிட்டாயா, அம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தானத்தில் மீந்த சோற்றையும் பருப்பையும் போடச் சொன்னார். நான் உண்டு முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அது அவருடைய தனிப்பட்ட குணம் என்றுதான் நினைத்தேன். பிறகு அவரே கதை சொன்னார். ஆளவி என்ற ஊரில் புத்தர் உபதேசம் செய்யப் போகிறார். காணாமல் போன எருதைத் தேடி அலைந்த ஓர் ஏழை உழவன் பசியோடு தாமதமாக வந்து சேர்கிறான். அதுவரை வாய் திறக்காமல் காத்திருந்த புத்தர், முதலில் அவனுக்குச் சோறு போடச் சொல்கிறார். அவன் உண்ட பிறகே பேசுகிறார். பசியே நோய்களில் பெரியது என்ற தம்மபத வரிக்குச் சொல்லப்படும் கதை இது. நம் மணிமேகலை ‘பசிப்பிணி என்னும் பாவி’ என்று திட்டுவதும், ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரிகள்!

போன பிறவி விவகாரத்தையும் அவரிடம் கேட்டேன். மோளியசீவகர் என்ற நாடோடித் துறவி இதையே புத்தரிடம் கேட்டாராம். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம் என்று புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். கர்மம் அவற்றில் ஒன்று மட்டும். எல்லா வேதனைக்கும் முன்வினைதான் காரணம் என்பவர்கள் அளவு மீறிப் பேசுகிறார்கள் என்றும் சொல்கிறார். அந்த உறவினருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று இன்னமும் நாக்கு துடிக்கிறது.

கோவை வாசகர்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ‘எல்லாம் துக்கம்’ என்று தொடங்கும் மதத்தில் வாழக் காரணம் தேடுவது உப்பளத்தில் கரும்பு தேடுவது போல. துக்கம்தான் என்றால் சீக்கிரம் முடித்துக்கொள்வதுதானே தர்க்கம்?

பாலி படிக்கும் மாணவர், புதுச்சேரி

இந்தத் தர்க்கத்தைப் புத்தர் காலத்திலேயே சிலர் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். விநயம் என்னும் பிக்குகளின் ஒழுக்க நூலில் மூன்றாவது பாராஜிகம் என்ற விதி உண்டு. கொலை செய்த பிக்குவைச் சங்கத்திலிருந்து ஒரேயடியாக விலக்கும் விதி. இதில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நோயில் கிடந்த இல்லறத்தான் ஒருவனின் அழகிய மனைவி மேல் சில பிக்குகளுக்கு ஆசை. அவர்கள் அவனிடம் போய், “நீ புண்ணியம் நிறையச் செய்துவிட்டாய், இந்தப் பாழும் வாழ்வு எதற்கு, சாவே மேல்” என்று இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். அவன் அதை நம்பிப் பத்தியத்தைக் கைவிட்டு இறந்துபோகிறான். மனைவி ஊரைக் கூட்டுகிறாள். அதன் பிறகு புத்தர் விதியை விரிக்கிறார்: ஒருவரிடம் சாவைப் புகழ்ந்து பேசுவதும் கொலைக்குச் சமம். கோவை நண்பர் பிக்குவாக இருந்திருந்தால் சற்றுக் கவலைப்பட வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்று. துக்கத்துக்குக் காரணமான வேட்கைகள் மூன்று: புலனின்பத்தில் வேட்கை, இருக்க வேண்டும் என்ற வேட்கை, இல்லாமல் போக வேண்டும் என்ற வேட்கை. மூன்றாவதை விபவ தண்ஹா என்பார்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் பௌத்தம் அதிர்ச்சியடைவதில்லை, பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதும் இல்லை. பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஒன்று, பிற வேட்கைகளைப் போலவே எழுந்து அடங்கக் கூடியது என்றுதான் பார்க்கிறது. பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் சீஹா என்ற பிக்குணி, ஏழு ஆண்டுகள் மன அமைதி இல்லாமல் இளைத்து வெளுத்து அலைந்ததையும், இந்த வாழ்வே வேண்டாம் என்று காட்டுக்குள் போனதையும், அங்கே கடைசிக் கணத்தில் மனம் விடுபட்டதையும் தானே பாடியிருக்கிறாள். பிக்குகளின் பாடல் தொகுப்பான தேரகாதையில் சப்பதாசர் என்பவர் இருபத்தைந்து ஆண்டு இப்படித் தவித்திருக்கிறார். சங்கம் இவற்றை வெட்கப்பட்டு மறைக்காமல் புனித நூலிலேயே வைத்திருக்கிறது. என்னை இந்தப் படிப்பில் பிடித்து நிறுத்தியது இதுதான்.

தாதி, இலங்கை மலையகம்

நான் பணியாற்றும் வைத்தியசாலை வாட்டில், உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டவர்கள் அடிக்கடி வருவார்கள். சிங்களவர், தோட்டத் தமிழர் என்று எல்லோரும்தான். எங்கள் நாட்டில் 1995இல் லட்சத்துக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. விகாரைகளுக்கும் பண என்னும் பௌத்த உபதேசத்துக்கும் அப்போதும் குறைவில்லை. கொடிய பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்த பிறகுதான் 2005க்குள் அந்த விகிதம் பாதியாகக் குறைந்தது. பௌத்த நாடு என்று மார்தட்டுபவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு.

ஆனால் இதை ஒரு ஹாமுதுருவிடம் (பிக்குவை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “அப்படித்தானே இருக்கும், மகள். அந்த எண்ணமும் அநித்தியம். அது கடந்துபோகும்வரை கைக்கு எட்டும் இடத்தில் நஞ்சு இல்லாதிருந்தால் போதும்” என்றார். நான் பல வருடம் வாட்டில் கண்டதும் இதைத்தான். கண் விழித்தவுடன் “ஏன் காப்பாற்றினீர்கள்” என்று அழுபவர், மறுநாள் வீட்டில் ஆட்டுக்கு யார் குழை போடுவார்கள் என்று கவலைப்படுவார்.

அந்த ஹாமுதுரு வாட்டுக்கு வந்தால் கட்டிலருகே உட்கார்ந்து பிள்ளைகளின் பெயரை, ஊரை, கறிக்கு என்ன என்பதைத்தான் கேட்பார். வயிற்றோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் தங்கள் கையாலேயே கழுவிப் படுக்க வைத்த கதையை எங்களுக்குச் சொன்னதும் அவர்தான். “எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும்” என்று புத்தர் சொன்னாராம். நான் வேதக்காரப் பெண். எங்கள் மத்தேயு சுவிசேஷத்திலும் இதே பேச்சு உண்டே என்றேன். சிரித்தார்.

இதை வாசிப்பவர் யாராவது அந்த நிலையில் இருந்தால், எங்கள் நாட்டில் 1926க்கு அழையுங்கள். இந்தியாவில் டெலி மனஸ் 14416; தமிழிலேயே பேசலாம். உங்களிடம் காரணம் தயாராக இருக்க வேண்டியதில்லை.

நகோயா, ஜப்பான்

இங்கே 1998 முதல் 2011 வரை ஒவ்வோர் ஆண்டும் 30,000 பேருக்கு மேல் தற்கொலை செய்துகொண்டார்கள். துறவிகள் ஈமச்சடங்குக்கு மட்டும் வருகிறார்கள் என்று மக்களிடம் மனக்குறை இருந்தது. 2007இல் டோக்கியோவில் பல பிரிவுகளைச் சேர்ந்த துறவிகள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். சாக நினைப்பவர்கள் கடிதம் எழுதினால் கையெழுத்திலேயே பதில் எழுதுவார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி எழுதிப் பதில் பெற்றவர். மதுக்கடையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கடிதத்தில் ஒரு சூத்திரமும் இல்லையாம். அவர் எழுதியிருந்ததை வரிவரியாகப் படித்திருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்ததாம். கடைசியில், மறுபடி எழுதுங்கள் என்றிருந்ததாம். எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, பாதி அல்ல, முழுவதும் அதுதான் என்று புத்தர் திருத்தினார் அல்லவா? பத்து நிமிடம் பேசினால் மூன்று முறை மன்னிப்புக் கேட்கும் நாட்டில், தயக்கமின்றி ஒருவர் மறுபடி எழுத முடிந்தது சின்ன விஷயமில்லை.

விபஸனா மாணவர், மதுரை

சுருக்கமாக ஒன்று. மனம் உடைந்த நிலையில் நேராகப் பத்து நாள் மௌன முகாமுக்கு ஓடாதீர்கள். விண்ணப்பத்தில் மனநல விவரம் கேட்பதைச் சடங்கென்று நினைத்து மறைப்பவர்கள் உண்டு. முதலில் மருத்துவர். தியானம் ஓடிவிடாது.

வேலூர் மாவட்டம்

மேலே எல்லோரும் காரணமே தேவையில்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தேவைப்பட்டது. ஊர்க்கிணற்றில் தாத்தாவுக்குத் தண்ணீர் மறுத்தவர்களின் பேரன்கள் என்னைக் கல்லூரியில் வேறு விதமாக ஒதுக்கினார்கள். விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது மூச்சைக் கவனி என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

எங்கள் வீட்டில் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய 1956 நாக்பூர் மதமாற்றப் படம் மாட்டியிருக்கும். ‘புத்தரும் அவர் தம்மமும்’ முன்னுரையில் அம்பேத்கர், கோவை நண்பர் கேட்டதையே இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்: வாழ்வும் துக்கம், மரணமும் துக்கம், மறுபிறப்பும் துக்கம் என்றால் மனிதனுக்கு என்ன நம்பிக்கை மிச்சம்? துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, அதற்கான வழி என்ற நான்கு உண்மைகள் புத்தரின் மூல போதனைதானா என்றே சந்தேகப்படுகிறார். சித்தார்த்தர் வீட்டைத் துறந்ததற்கும் கிழவன், நோயாளி, பிணம் கதையை ஏற்காமல், ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்குக் கிளம்பியதைக் காரணமாக வைக்கிறார். தண்ணீர்ச் சண்டை! அதைப் படித்த இரவுதான் என் துக்கம் என் தலைக்குள் மட்டும் இல்லை, ஊரிலும் இருக்கிறது, ஊரில் இருப்பதை மாற்ற ஆள் வேண்டும் என்று புரிந்தது.

புதுச்சேரி மாணவருக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கும். பாலி நூல்கள் வேறு சொல்கின்றன என்பார். விவாதிக்கலாம். ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வர முடியும். எங்கள் விகாரையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்களுக்கு இப்போது அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது.