டாரன்டுலா பெட்டியில் அடிமண் ஈரத்தைத் தக்கவைப்பது எப்படி?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கயானா மழைக்காடுகளைச் சேர்ந்த தெரபோசா ஸ்டிர்மி என்ற டாரன்டுலா வகைப் பெரிய சிலந்தி ஒன்றை 8 மாதங்களாக வளர்த்து வருகிறேன். பெட்டியில் 15 செ.மீ. உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் நிரப்பியிருக்கிறேன்.

தொடக்கத்தில் தினமும் மேலிருந்து தண்ணீர் தெளித்ததில் மேற்பரப்பு நசநசத்து, வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கியது. சிலந்தியோ வளைக்குள் போகாமல் பெட்டிச் சுவரிலேயே தொற்றிக்கொண்டிருந்தது. தெளிப்பதை நிறுத்தினேன். இப்போது குளிர்காலத்துக்காக வீட்டில் ஹீட்டர் ஓடுவதால், நான்கே நாளில் நார்த்தூள் அடிவரை காய்ந்து, கையில் அள்ளினால் பொடியாக உதிர்கிறது. மூடியின் காற்றுத் துளைகளில் பாதியை அடைத்துப் பார்த்தேன், பூஞ்சை திரும்பிவிட்டது.

ஈரப்பதமானி காட்டும் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. அது பெட்டிக் காற்றின் ஈரத்தைச் சொல்லுமே தவிர, வளைக்குள் இருக்கும் நிலையைச் சொல்லாது. எனவே, மூலையில் ஒரு குழாயை நட்டு அதன் வழியே அடிமட்டத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றலாமா, உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணை நார்த்தூளுடன் கலந்தால் ஈரம் கூடுதல் நாள் நிற்குமா, அப்படியானால் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். பூஞ்சையைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளை விட்டவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

சற்று அவசரம்தான். சிலந்தி இரண்டு வாரமாக இரை எடுக்கவில்லை. வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கறுத்திருப்பதால் விரைவில் தோலுரிக்கும் என்று நினைக்கிறேன். இந்த வேளையில் பெட்டியைக் கலைக்கவும் அச்சம், வறட்சியில் விடவும் அச்சம். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறேன்.