புதுப்பிப்பு: புது பிரேக் பேடு போட்ட பிறகும் வந்த கீச் சத்தம்

முன் சக்கரங்களுக்குப் புது பேடு (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) போட்டதும் பெடல் தரை வரை போகிறது, மெதுவாகப் போகும்போது வலப்பக்கம் கீச்சென்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் தீர்ந்தன.

பெடல் விஷயம் கோளாறே இல்லை. புது பேடுக்கு இடம் கிடைக்க, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளுவோம்; அதனால் பேடுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி விழும். வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஆயில் மேலேறும், அதன் டப்பாவைக் கவனியுங்கள்; வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

சத்தத்துக்குக் காரணம் துரு. பேடைத் தாங்கும் பிராக்கெட்டில், பேடு நகரும் தகட்டுக் கிளிப்புக்கு அடியில் துரு பொருக்காகப் படிந்து கிளிப்பைத் தூக்கியிருந்தது. பேடின் காது (ஓரத்தில் நீட்டியிருக்கும் முனை) அதில் இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கை உரசியது. கிளிப்பைக் கழற்றி, கம்பி பிரஷால் உலோகம் தெரியத் தேய்த்தாயிற்று. பேடு விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ தப்பு. ஸ்லைடு பின்னுக்கு (பிஸ்டன் இருக்கும் காலிப்பர் நகர உதவும் கம்பி) சிலிகான் கிரீஸ், காதுகளுக்கு பிரேக் கிரீஸ் லேசாக. உராயும் பக்கத்தில் துளிகூடப் படக்கூடாது.

பிறகு, புது பேடு டிஸ்க்கோடு படிய, 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமான பிரேக், நடுவே ஆறவிட்டு. சத்தம் போய்விட்டது.